நாய்க் கட்டத்தில் அண்ணன்

பாப்பாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பிரஷ் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாக இயக்குநர். அறுபது பேருக்கு வேலை கொடுக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் அந்த அறுபது பேரும் இருக்கிற இடம் தெரியாது. ஆனால் என்ன செய்வது, வீட்டில் வைத்த செல்லப்பெயர் தொழிற்சாலை வரைக்கும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை வங்கி மேலாளரே வாய் தவறி "பாப்பா மேடம்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெயர் வைத்தது அண்ணன். எட்டு வயது மூத்தவன். அவன் இந்தத் தொழிற்சாலையில் பாட்டில் பிரஷ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். அப்பா போனபிறகு நாற்காலி அவனுக்குத்தான் வந்திருக்க வேண்டும். "எனக்கு நாலு பேர் நடுவுல பேச வராதுமா, பாப்பா பேசுவா" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுவிட்டுத் தன் மெஷின்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டான். பொய் இல்லை. நாலு பேர் நடுவில் அவன் பேசினால் முதல் இரண்டு பேருக்கே கேட்காது.

தொழிற்சாலையில் நாலு பிரிவுகள். தரை துடைப்பம், பெயின்ட் ரோலர், நாய்க்கு முடி சீவும் பிரஷ், கடைசியில் அண்ணனின் பாட்டில் பிரஷ். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறச் சீட்டு. துடைப்பத்துக்கு நீலம், ரோலருக்குப் பச்சை, நாய் பிரஷ்ஷுக்கு மஞ்சள், பாட்டில் பிரஷ்ஷுக்குச் சிவப்பு. பெட்டி மேல் எந்த நிறச் சீட்டு ஒட்டியிருக்கிறதோ, அந்தப் பிரிவின் விற்பனையில் அது சேரும். அப்பா காலத்து ஏற்பாடு. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஆனால் அதுவும் நிறத்தைத்தான் எண்ணியது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை.

ரோலர் பிரிவு பாப்பாவின் செல்லப்பிள்ளை. ஏழு வருஷத்துக்கு முன் ஒற்றைக் காலில் நின்று தொடங்கினாள். அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "ஒரு வருஷம் தர்றேன். மாசம் ஐந்நூறு பெட்டி போகலைன்னா மூடிடணும், அழக்கூடாது" என்றார். ஒன்பதாவது மாதம் இருநூறு பெட்டிகூடப் போகவில்லை. அவள் அழுதாள், ஆனால் அப்பா பார்க்கிற மாதிரி இல்லை. மாடிப்படிக்குக் கீழே, காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் மட்டும்தான் பார்த்தான் என்று நினைத்திருந்தாள்.

பத்தாவது மாதத்திலிருந்து என்ன மாயமோ, விற்பனை சூடு பிடித்தது. பன்னிரண்டாவது மாதம் ஐந்நூற்றிருபது. பாராட்டு என்றால் பைசா செலவாகும் என்று நினைக்கிற அப்பா, அன்றைக்கு அவள் மேஜை முன் வந்து நின்று, "சாதிச்சுட்டே" என்றார். அந்த ஒரு சொல்லை பாப்பா இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறாள். மனசு சரியில்லாத நாட்களில் அதை வெளியே எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

இப்படியிருக்கையில், போன மாதம் அவள் ஒரு இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தாள். வந்ததிலிருந்து கையில் எப்போதும் ஒரு தாள், அதில் ஒரு சதுரம். சதுரத்துக்குள் நாலு கட்டம். எதைப் பார்த்தாலும் கட்டத்தில் போட்டுப் பார்த்தாள். அண்ணியின் குழம்பைக்கூட ஒரு கட்டத்தில் போட்டாள் என்று வீட்டில் கேலி. மூன்று வாரம் விற்பனைத் தாள்களோடு உட்கார்ந்து, போட்டிக் கம்பெனிகளின் கணக்கை அங்கே இங்கே விசாரித்து, ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரையும் மாடி அறைக்கு வரச் சொன்னாள்.

எல்லோரும் என்றால் மூன்று பேர். பெரிய பங்குக்காரியான அம்மா, அண்ணன், ஸ்டோரையும் கொள்முதலையும் பார்க்கிற அண்ணி.

"ரொம்ப சுலபம். மேலேயிருந்து கீழே பாத்தா, ஒரு சாமானோட சந்தை எவ்வளவு வேகமா வளருதுங்கிறது. மேல் வரிசைன்னா வேகம், கீழ் வரிசைன்னா மந்தம். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்தா, அந்தச் சந்தையில நம்ம பங்கு எவ்வளவுங்கிறது. இடது பக்கம் நிறைய, வலது பக்கம் கொஞ்சம்" என்று பாப்பா பலகையில் கோடு கிழித்தாள்.

"சரி" என்றாள் அம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

"துடைப்பம். சந்தை வளரல, ஆனா நம்ம பங்கு பெருசு. இதுக்குப் பேரு கறவை மாடு. தீனி கம்மி, பால் ஜாஸ்தி. இங்கேயிருந்து கறந்து மத்ததை வளக்கணும். நாய் பிரஷ். சந்தை வேகமா வளருது, நம்ம பங்குதான் சின்னது. இது கேள்விக்குறி. ஏறவும் ஏறலாம், விழவும் விழலாம். அப்புறம் ரோலர்." சொல்லும்போதே அவளுக்கு வாயெல்லாம் பல். "ஊர் முழுக்கக் கட்டடம் எழும்புது, சந்தை வேகமா வளருது. நம்ம பங்கு அதைவிட வேகமா வளந்திருக்கு. இது நட்சத்திரம்."

அண்ணன் தலையை ஆட்டினான். அவனுக்கும் சந்தோஷம்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"நாலாவது கட்டம்?" என்றாள் அம்மா.

பாப்பா மென்று விழுங்கினாள். "சந்தையும் வளரல, நம்ம பங்கும் சின்னது. பாட்டில் பிரஷ்."

"அதுக்கு என்ன பேரு?"

"பேரு முக்கியமில்லம்மா."

"மத்த மூணுக்கும் சொன்னியே."

"...நாய்."

அம்மா எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள்.

"நாய் பிரஷ் நாய்க் கட்டத்துல இல்ல. என் பிள்ளை இருக்கான்."

"அம்மா, இது நான் வெச்ச பேரு இல்ல. உலகம் பூரா அப்படித்தான் சொல்றாங்க."

"உலகம் பூரா சொல்லட்டும். அவனை நான் பெத்தேன். அழி."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அண்ணன்தான் சமாதானம் செய்தான். "விடும்மா. நாய்னா என்ன, நன்றியுள்ள ஜீவன். மேலே சொல்லு பாப்பா."

மேலே சொல்வதுதான் கஷ்டம். நட்சத்திரத்துக்குத் தீனி போட வேண்டும். புது ரோலர் மெஷின் ஒன்று விலை பேசி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அது பன்னிரண்டு மீட்டர் நீளம். வைக்கிற மாதிரி தொழிற்சாலையில் இருக்கிற ஒரே கூடம் அண்ணனின் கூடம். முப்பது வருஷமாக அவன் காலை எட்டு மணிக்குத் திறக்கிற கூடம். இதை எப்படிச் சொல்வது என்று பாப்பா மூன்று நாள் கண்ணாடி முன் பேசிப் பார்த்திருந்தாள். கடைசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"மூடிடலாம்" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். ஒரு முனகல் இல்லை. "எட்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கு ரோலர்ல வேலை இருக்கும்ல?"

"கண்டிப்பா இருக்கும்ணா. நீயும்..."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு மெஷின் மட்டும் வெச்சுக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே இடம் சும்மாதானே கிடக்கு? அங்கே போட்டுக்கிறேன். பொழுது போகும்."

சண்டை போடுவான் என்று பாப்பா தயாராக வந்திருந்தாள். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இப்படி விட்டுக்கொடுப்பவனை என்ன செய்வது? அன்றைக்கு முழுக்க அவளுக்கு எதுவும் ஓடவில்லை, கையெழுத்துப் போட வேண்டிய தாள்களில்கூடப் பாதி அப்படியே கிடந்தன.

புதன்கிழமை மத்தியானம் அண்ணி அவள் அறைக்கு வந்தாள். கையில் ஒரு தடி நோட்டு. ஸ்டோரின் கொள்முதல் பதிவேடு.

"அந்தக் கட்டத்துக்கு எல்லாப் பதிவேடும் வேணும்னு கேட்டியே. இதை மட்டும் நீ வாங்கிக்கவே இல்ல" என்று மேஜையில் வைத்தாள்.

"கட்டம் போட்டு முடிச்சாச்சு அண்ணி. விற்பனைக் கணக்கு போதும், கொள்முதல் எதுக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? நான் ஸ்டோர் பாக்குறவ. கேட்டே, கொண்டுவந்தேன்." போகிற போக்கில் கதவில் நின்று திரும்பினாள். "கோர் பக்கத்துல ஒரு அட்டை செருகியிருக்கேன். சும்மா, அடையாளத்துக்கு."

ரோலரின் நடுவே இருக்கும் அட்டைக் குழலுக்குத் தொழிலில் கோர் என்று பெயர். ஒரு ரோலருக்கு ஒரு கோர். அதன்மேல்தான் துணியைச் சுற்றி ஒட்டுவார்கள். பாப்பா அட்டை செருகிய பக்கத்தைத் திறந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய கோர் நாற்பத்தெட்டாயிரம். போன வருஷம் வாங்கியது நாற்பத்தாறாயிரம்.

தப்பாக எழுதியிருப்பார்கள் என்று நினைத்தாள். நடுவிலிருந்த வருஷங்களையும் பார்த்தாள். நாற்பத்தேழு, நாற்பத்தைந்து, நாற்பத்தேழு. அண்ணியின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, தப்புக்கு இடமே இல்லை.

பச்சைச் சீட்டுப் பெட்டிகளோ இந்த ஐந்து வருஷத்தில் இரண்டு மடங்காகியிருக்கின்றன. கோர் இல்லாமல் ரோலர் எப்படி உருளும்?

விற்பனைத் தாளை மறுபடி எடுத்தாள். ரோலர் என்ற தலைப்புக்குக் கீழே, பச்சைச் சீட்டில் எழுதியிருக்கும் பெயர்படி, இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று ரோலர். இன்னொன்று 'ரோலர் துணைப்பொருள்'. கைப்பிடி, பெயின்ட் தட்டு, இந்த மாதிரி ஏதோ என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கூட்டுத்தொகை நன்றாக வந்தது, உள்ளே பார்க்கவில்லை. நல்ல மார்க் வந்த பரீட்சைத் தாளை யார் மறுகூட்டலுக்குக் கொடுப்பார்கள்? இப்போது பார்த்தால் கூட்டுத்தொகையில் பாதிக்கு மேல் அந்தத் துணைப்பொருள்தான்.

கைப்பிடி இவ்வளவு விற்குமா? ஒரு வீட்டுக்கு எத்தனை கைப்பிடி வேண்டும்?

அவள் மாடிப்படி இறங்கி பேக்கிங் பிரிவுக்குப் போனாள். அங்கே இருபது வருஷமாக இருப்பவளை எல்லோரும் பேக்கிங் அக்கா என்பார்கள். வாய் ஓயாது, கையும் ஓயாது.

"அக்கா, ரோலர் துணைப்பொருள் பெட்டி ஒண்ணு காட்டுங்க."

அக்காவின் கை நின்றது. கூடவே வாயும் நின்றது. இருபது வருஷத்தில் இது முதல்தடவை.

"எதுக்கு பாப்பா?"

"சும்மா பாக்கத்தான்."

அக்கா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு வேறு வழியில்லாமல் பச்சைச் சீட்டு ஒட்டிய பெட்டி ஒன்றை நகர்த்தினாள். பாப்பா நாடாவைக் கிழித்தாள். உள்ளே கைப்பிடி இல்லை, தட்டு இல்லை. கம்பியை முறுக்கி நடுவில் நாரைச் செருகிய பிரஷ்கள், கட்டுக்கட்டாக. சில சுண்டுவிரலைவிட மெல்லியவை. சில முழ நீளம். ஒன்று ஊசிக்குள் நுழையும்போல் இருந்தது.

"இது ரோலர் இல்லையே."

"பெரியவரோடது" என்றாள் அக்கா சின்னக் குரலில். அண்ணனைத் தொழிற்சாலையில் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். "காபி மெஷினுக்குள்ள விடறது, ஆஸ்பத்திரிக் குழாய்க்குள்ள விடறது, பால் கறக்குற மெஷினுக்கு, மீன் தொட்டிக்கு... யாராவது ஒரு குழாயை அனுப்பி 'இதைக் கழுவ ஒண்ணு வேணும்'னு கேப்பாங்க. செஞ்சு கொடுத்திடுவார். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர்னு இப்ப எங்கெங்கேயிருந்தோ கேக்குறாங்க."

"அதுக்கு ஏன் பச்சைச் சீட்டு?"

"பெரியவர்தான் பச்சை ஒட்டச் சொன்னார்."

"எப்பலேருந்து?"

அக்கா நாடா உருளையை உற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க மாடிப்படிக்குக் கீழே உக்காந்து அழுதீங்களே, அந்த வாரத்துலேருந்து."

பாப்பாவுக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது, புரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. பத்தாவது மாத மாயம். ஐந்நூற்றிருபது பெட்டி. அவள் அறைச் சுவரில் ஏழு வருஷமாக மேலே மேலே ஏறும் அந்தக் கோடு. பயிற்சி வகுப்பில் நாற்பது பேர் முன்னால் எழுந்து, "எங்க ரோலர் பிரிவைப் பத்திச் சொல்றேன்" என்று பேசியது. எல்லாவற்றுக்கும் மேலாக அப்பா சொன்ன அந்த ஒரு சொல். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கோபம் வந்தது.

அண்ணன் தன் கூடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே சுவர் முழுக்க ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு குழாய் தொங்கியது. கண்ணாடி, ரப்பர், எஃகு, வளைந்தது, நெளிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டை, யார் அனுப்பியது என்று எழுதி. இந்தச் சுவரை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அண்ணனுக்கு இப்படி ஒரு பைத்தியம் என்று நினைத்திருக்கிறாளே தவிர, இதுதான் சந்தை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பிரஷ் கட்டை அவன் மேஜையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கையும் களவுமாகப் பிடிபட்டவன் எப்படிச் சிரிப்பானோ அப்படிச் சிரித்தான்.

"உங்க அண்ணி சொல்லிட்டாளா?"

"அண்ணி ஒரு வார்த்தை சொல்லல. கோர் சொல்லிடுச்சு."

"நான் கோரை மறந்துட்டேன்" என்றான், நிஜமாகவே வருத்தப்பட்டு.

"ஏழு வருஷம், அண்ணா! ஏழு வருஷமா என்னைப் பைத்தியக்காரியா ஆக்கி வெச்சிருக்கே. நான் என்னவோ பெரிய கெட்டிக்காரின்னு... ஊரெல்லாம் போய் நட்சத்திரம் நட்சத்திரம்னு..."

"நீ கெட்டிக்காரிதான் பாப்பா. அப்பா அவசரப்பட்டார். ஒரு வருஷத்துல ஒரு தொழில் நிக்குமா? மூணே மூணு மாசம்தான் என் பெட்டியை உன் கணக்குல கொடுக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள ரோலர் ஓட ஆரம்பிச்சிடும், நான் மெல்ல என் சீட்டை மாத்திக்கலாம்னு. அது ஓடல. நீ சந்தோஷமா இருந்தே. எந்த மாசத்துல நிறுத்தினாலும் உன் கோடு கீழே விழும். எப்ப நிறுத்தறதுன்னே தெரியல."

"அதுக்காக உன் கூடத்தையே மூடுவியா? மாடிப்படிக்குக் கீழே ஒத்தை மெஷினை வெச்சுக்கிட்டு என் நட்சத்திரத்தை ஓட்டலாம்னு பாத்தியா?"

"முடியும். கணக்குப் போட்டுப் பாத்தேன். காலையில ஏழுக்கே வந்துட்டா முடியும்."

அவளுக்கு ஓங்கி ஒரு அடி கொடுக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அவன் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா 'சாதிச்சுட்டே'ன்னு சொன்னாரே" என்றாள். "அதுவும் பொய்தானே? அவரும் ஏமாந்துட்டார்தானே?"

அண்ணன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். "இல்ல பாப்பா. அப்பாவுக்குத் தெரியும்."

"என்னது?"

"பதினொண்ணாம் மாசம் ஒருநாள் பேக்கிங்ல நானே உக்காந்து பச்சை ஒட்டிக்கிட்டு இருந்தேன். அப்பா வந்து நின்னார். ஒரு பெட்டியைத் திறந்து பாத்தார். எனக்கு உயிரே போச்சு. பிரஷ்ஷை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தார். திரும்ப உள்ளே வெச்சு மூடினார். 'கோணலா ஒட்டியிருக்கே, நேரா ஒட்டு'ன்னார். அவ்வளவுதான், போயிட்டார்."

பாப்பா அழுதாள். இந்தத் தடவை மாடிப்படிக்குக் கீழே ஒளியவில்லை. அவளிடம் அவ்வளவு அன்பு வைத்திருந்த அந்த முரட்டு மனிதரை நினைத்தும் அழுதாள், எதிரே இருக்கிற இந்த மக்கு மனிதனை நினைத்தும் அழுதாள். மெஷின் ஓட்டுகிற எட்டு பேரும் ஆளுக்கொரு திசையில் தீவிரமாக வேலை பார்த்தார்கள். அண்ணன் எண்ணெய் படாத துணி ஒன்றைத் தேடி, கிடைக்காமல், கடைசியில் தன் சட்டைக் கையை நீட்டினான்.

வெள்ளிக்கிழமை மறுபடி மாடி அறை, மறுபடி பலகை. சனிக்கிழமைக் கையெழுத்தை பாப்பா ஏற்கெனவே நிறுத்திவிட்டாள். இந்தத் தடவை பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணி, புதிதாகக் கட்டம் போட்டிருந்தாள்.

"குழாய் பிரஷ்ஷைத் தனியா எடுத்தாச்சு. சந்தை வருஷத்துக்கு வருஷம் ஏறுது. இந்தச் சின்ன அளவுகளை இவ்வளவு வேகமா செஞ்சு கொடுக்குற ஆளு நான் விசாரிச்ச வரைக்கும் வேற யாரும் இல்ல. நம்ம பங்குதான் எல்லாரையும்விடப் பெருசு. அதனால..." மேல் வரிசையில் இடது கட்டத்தில் எழுதினாள். "நட்சத்திரம். அண்ணன்."

அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் உட்கார்ந்திருந்தவள் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"நாய்க் கட்டத்துல யாரு?" என்றாள்.

"கடையில தொங்குற பழைய பாட்டில் பிரஷ் மட்டும்தான்மா. அதைக் கொஞ்சங் கொஞ்சமா நிறுத்திடலாம்."

"ரோலர்?"

பாப்பா சாக்பீஸை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சந்தை வளந்துக்கிட்டே இருக்கு, நாம மட்டும் நின்ன இடத்துல நிக்கிறோம். பங்கு பாதியாயிடுச்சு." வலது பக்கக் கட்டத்தில், நாய் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் எழுதினாள். "கேள்விக்குறி. புது மெஷின் வேண்டாம். கூடம் அண்ணனுக்கே. வேணும்னா ரோலர் கூடத்துல பாதியையும் எடுத்துக்கட்டும். ஆறு மாசம் பாத்துட்டு, பங்கு ஏறலைன்னா நானே மூடிடறேன்."

"பாப்பா, அவசரப்படாதே..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"நீ பேசாதே" என்றார்கள் மூன்று பெண்களும் ஒரே குரலில். அவன் பேசாமலிருப்பதில் கைதேர்ந்தவன், உடனே நிறுத்திவிட்டான்.

"இன்னொண்ணு. செய்யறது நீ, ஆனா விக்கிறது நான். உனக்கு போன் வந்தா 'ம்', 'சரி', 'அனுப்புங்க', இந்த மூணு வார்த்தையிலேயே இவ்வளவு வித்திருக்கே. நான் பேசினா எங்கே போகும் பாரு. பெட்டியில சிவப்புச் சீட்டு. உன் சீட்டு."

அண்ணன் தலையை ஆட்டினான். ஆட்டின விதம் பாப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரோலருக்காக அந்த மாதம் அவள் நாயாகப் பேயாக அலைந்தாள். பெயின்ட் கடைக்காரர்களைப் போய்ப் பார்த்தாள். வீடு வீடாக வெள்ளையடிக்கிறவர்களிடம் அவர்கள் கையிலிருந்த ரோலரை வாங்கி அவளே உருட்டிப் பார்த்தாள். துணி சீக்கிரம் உதிர்கிறது என்று ஒருவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்தாள். ஏழு வருஷத்தில் தன் ரோலரைப் பற்றி அவள் கேட்ட முதல் குறை அது. இனிக்கிற மாதிரி இருந்தது.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. குழாய் பிரஷ் நன்றாக ஏறியிருந்தது. ரோலரும் ஏறியிருந்தது, தொண்ணூறு பெட்டி! பாப்பாவுக்கு உச்சி குளிர்ந்தது. அலைச்சல் வீண்போகவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் காட்டக் கதவு வரைக்கும் போனவள், அங்கேயே நின்றாள். திரும்பி வந்து ஸ்டோருக்கு போன் செய்தாள்.

"அண்ணி, இந்த மாசம் கோர் எவ்வளவு போச்சு?"

மறுமுனையில் நோட்டைப் பட்டென்று மூடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணி?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிக்கொடுத்திருக்கேன்" என்றாள் அண்ணி.

பாப்பா போனை வைத்தாள். முதலில் கண் கலங்கியது, அப்புறம் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே மாடிப்படி இறங்கி பேக்கிங் பிரிவுக்குப் போனாள். பேக்கிங் அக்கா அவளைப் பார்த்ததும் அவசர வேலை நினைவுக்கு வந்தவளைப்போல் எழுந்து போய்விட்டாள். மூலையில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பெட்டி, விரல் நுனியில் ஒரு பச்சைச் சீட்டு.

பாப்பா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் திடுக்கிட்டு, பிறகு அசடு வழிந்தான். அவள் அவன் விரலிலிருந்து பச்சையை எடுத்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். சுருளிலிருந்து ஒரு சிவப்பைக் கிழித்துப் பெட்டிமேல் ஒட்டினாள். கண்ணில் தண்ணீர் மறைத்தது, சரியாகத் தெரியவில்லை.

அண்ணன் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தான்.

"கோணலா இருக்கு பாப்பா" என்றான். "நேரா ஒட்டு."